கழலாத கியர் உருண்டை

அந்த சீட்டு வேண்டாமுங்க தம்பி. துண்டு கெடக்குது பாருங்க, ஆள் வருது. ரெண்டு பேரு, வெள்ளையம்பாளையத்துல ஏறுவாங்க. நீங்க இங்க என்ற பக்கத்துல உக்காருங்க, தாராளமா எடமிருக்குது. பைய மடியில வெச்சுக்குங்க, அவ்வளவுதான்.

பொள்ளாச்சிங்களா? நானும் பொள்ளாச்சிதான். காருக்கு ஒரு கியர் ராடு வாங்கோணும். பழைய காரு, புதுசு கெடைக்காதாம். பழைய சாமான் கடையில தேடிப் பாருங்கன்னு சொல்லிட்டாங்க. அதுக்குத்தான் போறனுங்க, வேற ஒன்னுமில்ல. இந்தத் துண்டு போட்டதெல்லாம் சும்மா, போற வழிதானேன்னு.

கேட்டீங்களா அந்தச் சத்தத்த? கறகறன்னு! கிளச்ச அரைகொறையா மிதிச்சுட்டு ரெண்டாவது போடறான். அடக் கெரகமே, வண்டிக்கு வாயிருந்தா அழுதுரும். நானும் கவருமெண்டு பஸ்சு ஓட்டுனவன்தானுங்க. நாச்சிமுத்துன்னு டெப்போவுல கேட்டுப் பாருங்க. முப்பத்தொரு வருசம், ஒரு கோழிக்குஞ்சு மேல ஏத்துனதில்ல. கியர் மாத்துனா உள்ள தூங்கறவன் முழிக்கப்படாது, அவன்தான் டிரைவரு. கண்ணு ரோட்டுல, கையி கியர்ல. குனிஞ்சு குனிஞ்சு எத்தனாவது கியருன்னு பாக்கறவன் டிரைவரே இல்லீங்க. இதையேதான் என்ற பொண்டாட்டிகிட்டயும் சொன்னேன். அதுல வந்ததுதான் இத்தனை வெனையும்.

அவ பேரு வசந்தாமணி. அம்பத்தஞ்சு வயசு. அம்பத்தஞ்சு வயசுல காரு ஓட்டக் கத்துக்கறேன்னு கெளம்புனா எப்படி இருக்கும்னு நீங்களே சொல்லுங்க. எதுக்குன்னா, அவ தங்கச்சி தனத்துக்குக் கிட்னி ரெண்டும் போச்சு. செவ்வாயும் வெள்ளியும் பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில மிசினுல படுக்க வெச்சு ரத்தத்தச் சுத்தம் பண்ணோணும், டயாலிசிஸ்ங்கறாங்கல்ல, அது. காலைல ஏழரைக்கு அங்க இருக்கோணும். பிந்துனா அடுத்த ஆளப் படுக்க வெச்சுருவாங்க. தனத்து ஊட்டுக்காரன் மருதாசலத்துக்கு மில்லுல வேலை, வெச்சிருக்கறது ஒரு டூவீலரு. மிசினுல இருந்து எந்திரிச்சு வர்றவளுக்கு நிக்கவே முடியாது, அவ எங்கிருந்து டூவீலர்ல உக்காருவா?

ஆமாங்க, சரியாக் கேட்டீங்க. நான் ஓட்டலாம். காரு என்னோடது, டிரைவரும் நாந்தான். வசந்தாவும் மொதல்ல அதத்தான் கேட்டா. நான் முடியாதுன்னுட்டேன்.

சும்மா முடியாதுன்னு சொல்லுவனுங்களா? காரணம் இருக்குது. ஒம்பது வருசத்துக்கு முன்னாடி தனத்து மக பெரியவளானதுக்குச் சீரு வெச்சாங்க. அந்த ஊட்டுக்கு மூத்த மருமகன் நானு. தட்டத்துல வெத்தல பாக்கு வெச்சு, நேர்ல வந்து, என்ற மூஞ்சியப் பாத்து வாங்கன்னு கூப்பிடோணுமா இல்லியா? மொறைன்னு ஒன்னு இருக்குதில்லீங்க? வந்தாங்களாம். ரெண்டு தடவை வந்தாங்களாம். நான் டூட்டியில இருக்கறன். தட்டத்த வசந்தா கையில குடுத்துட்டுப் போயிட்டாங்க. மூணாவது தடவை மருதாசலம் போன்ல, "அண்ணா, நீங்க வந்துதான் ஆகோணும்"ங்கறான். போன்ல வரச்சொல்றதுக்கு நான் என்ன பந்தலு போடறவனா? அன்னைக்கு முடிவு பண்ணுனதுதான், அந்த வாசல மிதிக்கறதில்லைன்னு. இன்னைக்கு ஒடம்பு சரியில்லைன்னா மொறை மாறிப்போயிருமா? அப்படித்தான் அவகிட்டக் கேட்டேன். அதுக்கு அவ, "அப்ப எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுங்க"ன்னா.

ஏனுங்கம்மா! அந்த சீட்டுல உக்காராதீங்க. ஆள் வருதுங்க. இல்லீங்க, பேஷண்டுங்க. நீங்க அந்தப் பக்கம் பாருங்க.

துண்டு கண்ணுக்குத் தெரியுதா இல்லியா தம்பி? வேணும்னே பண்றாங்க. எங்க விட்டேன்? சொல்லிக் குடுத்தது. மூணு நாளு சொல்லிக் குடுத்தனுங்க. கிளச்சு விடும்மான்னா பிரேக்க மிதிக்கறா. மூணாவது போடுன்னா குனிஞ்சு உருண்டையப் பாக்கறா. கியர் ராடு உச்சியில கைக்கு அடக்கமா ஒரு உருண்டை இருக்குமில்லீங்க, அதுமேல ஒன்னு ரெண்டு மூணுன்னு நம்பர் போட்டிருப்பாங்க. என்ற வண்டியில அந்த நம்பரெல்லாம் எப்பவோ அழிஞ்சுபோச்சு. பதினாலு வருசம் என்ற உள்ளங்கை தேச்சு தேச்சு, கோழிமுட்டையாட்டம் வழுவழுன்னு ஆயிருச்சு. "எது எங்கன்னே தெரியலீங்க"ங்கறா. "தெரியாதவ எதுக்குடி சீட்டுல உக்காந்தே?"ன்னு கொஞ்சம் சத்தமாக் கேட்டுட்டேன். ரோட்டோரமா நாலு பேரு நின்னுட்டு இருந்தாங்க. அதனால என்ன? வண்டி கத்துக்குடுக்கறப்போ சத்தம் வரத்தான் செய்யும், டெப்போவுல நான் வாங்காத பேச்சா? அவ வண்டிய ஆப் பண்ணுனா, சாவிய சீட்டு மேல வெச்சா, எறங்கி நடந்தே ஊட்டுக்குப் போயிட்டா. மூணு கிலோமீட்டரு. ரோசத்துக்கு ஒன்னும் கொறைச்சலில்ல.

அடுத்த வாரம் பாத்தா, ஊட்டு முன்னாடி டிரைவிங் ஸ்கூல் வண்டி வந்து நிக்குது. முப்பத்தொரு வருசம் பஸ்சு ஓட்டுனவன் ஊட்டு முன்னாடி! கொல்லன் தெருவுல ஊசி விக்க வந்த மாதிரி. சொல்லிக் குடுக்கறது ஒரு பொம்பள. ஊரே பாக்குது. டீக்கடையில கேக்கறானுக, "ஏனுங் நாச்சிமுத்தண்ணா, உங்களுக்கும் சேத்து பீஸ் கட்டிட்டீங்களா?"ன்னு. மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெக்கறது?

சரி, கத்துக்கிட்டா. மொதத் தடவையிலயே லைசென்சும் வாங்கிட்டா. அத நான் கொறை சொல்லல. வாரம் ரெண்டு நாளு விடியக்காலம் அஞ்சரைக்கு எந்திரிச்சு, எனக்கு இட்லி ஊத்தி மூடி வெச்சுட்டு, வெள்ளையம்பாளையம் போயி தனத்த ஏத்திக்கிட்டு, பொள்ளாச்சி போயி, நாலு மணி நேரம் அங்கயே குந்தியிருந்து, கூட்டியாந்து ஊட்டுல விட்டுட்டு வருவா. அஞ்சு மாசம் ஒரு கீறல் இல்ல. நானும் வண்டியச் சுத்திச் சுத்திப் பாப்பனுங்க, எங்கயாச்சும் இடிச்சிருப்பாளான்னு. ஒன்னுமே இல்ல.

அப்பறம்தான் ஒரு நாளு சாயங்காலம் சந்தைக்குப் போலாம்னு காருல ஏறி உக்காந்து கைய வெக்கறேன், கையில என்னமோ புதுசாத் தட்டுது. பாத்தா, செவப்பா, தக்காளியாட்டம் ஒரு உருண்டை. மேல வெள்ளையில இத்தாப் பெருசு நம்பரு. என்ற உருண்டையக் காணோம்! ஊட்டுக்குள்ள போயிக் கேட்டா, காயிதத்துல சுத்தி வெச்சிருந்தத எடுத்துக் குடுக்கறா. "உங்க சொத்து பத்தரமா இருக்குது. எனக்கு நம்பரு தெரியோணுமில்லீங்க, அதான் கடையில மாத்துனேன்"ங்கறா. என்னைய ஒரு வார்த்தை கேக்கல தம்பி. என்ற வண்டி, என்ற கையி பட்ட எடம். போட்ட கடைக்காரன் நல்லா கெட்டியா போட்டுட்டானாம், ஆடாதாம், அதுல அவளுக்கு ஒரு சந்தோசம் வேற.

அத நான் கழட்டோணும்னு நெனைச்சது தப்புங்களா? பழசப் போட்டுட்டா அவளும் பாக்காம ஓட்டப் பழகிக்குவா. அவ நல்லதுக்குத்தான் நெனைச்சேன். சரி, அதுமட்டுமில்ல. எனக்குப் பொறுக்கல. சொல்றதுக்கென்ன, பொறுக்கல.

ஒரு வியாழக்கெழமை, மத்தியானம் ரெண்டு மணி இருக்கும், அவ ரேசன் கடைக்குப் போயிருந்தா. ஒரு நிமிச வேலை, அவ வர்றதுக்குள்ள மாத்திரலாம்னு போனனுங்க. உருண்டைங்கறது மரையில திருகி இருக்கறதுதானே? எடது பக்கம் திருகுனா கழலோணும். திருகுனேன். அசையல. துண்டச் சுத்திப் புடிச்சுத் திருகுனேன். என்ற கையிதான் செவந்துச்சு, அது சிரிக்கற மாதிரி அப்படியே நிக்குது. தேங்காண்ணைய ஊத்துனேன். மண்ணெண்ணைய ஊத்துனேன். சுடுதண்ணி வெச்சு ஊத்துனேன், அது என்ற தொடையிலதான் பாதி விழுந்துச்சு. வெந்துபோச்சு தம்பி. வெந்ததும் கோவம் தலைக்கேறிருச்சு. பக்கத்தூட்டுல பைப்பு திருகற ரிஞ்சு வாங்கியாந்து, கால டேஷ்போடுல ஊணிக்கிட்டு ஒரே இழு. உருண்டை மட்டும் நகர மாட்டேங்குது, ராடு ஆடுது. சுத்தியல எடுத்தேன்.

உங்களுக்கு ஒன்னு சொல்லோணும். டெப்போவுல நாங்க ஸ்பேனரத் தொடமாட்டமுங்க. டிரைவரு வேலை ஓட்டறது. பிரேக்கு சரியில்லையா, கண்ணாடி ஆடுதா, டூட்டி முடிச்சு எறங்கறப்போ நோட்டுல எழுதி வெச்சுட்டுப் போயிட்டே இருக்கலாம். காலைல வந்தா சரியாயிருக்கும். யாரு பண்ணுனா, எப்படிப் பண்ணுனா, ஒன்னும் தெரியாது. முப்பத்தொரு வருசம் நான் எழுதித்தான் வெச்சிருக்கறேன், ஒரு ஸ்க்ரூ திருகுனதில்ல. அன்னைக்கு எழுதி வெக்க நோட்டு இல்ல. ரேசன் கடையில கூட்டமாம், பொழுது சாயற வரைக்கும் அவ வரல. அஞ்சு மணி வரைக்கும் அடிச்சேன், திருகுனேன், அடிச்சேன். கடைசியில டக்குன்னு ஒரு சத்தம். கழண்டுருச்சுன்னு ஒரு சந்தோசம் பாருங்க! கையில பாத்தா உருண்டையும் இருக்குது, உருண்டைக்குள்ள ராட்டோட மேல்பாதியும் இருக்குது. முறிஞ்சுபோச்சு. மிச்சமிருக்கற துண்டையும் வளைச்சு வெச்சிருக்கறேன், அதப் புடிச்சு ஆட்டுனா ஒரு கியரும் விழுகல. வேலியில போன ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டேன்.

மெக்கானிக் சபீரக் கூட்டியாந்து காட்டுனேன். அவன் என்ற கையில இருந்தத வாங்கித் திருப்பிப் பாத்தான். உருண்டைக்கு அடியில ஒரு ரப்பர் வளையம், அத நகத்துல கீழ தள்ளுனான். மூணு ஸ்க்ரூ. கடுகாட்டம், பொடிசு. "இந்த உருண்டையெல்லாம் மரையில நிக்காதுண்ணா, இந்த மூணுதான் புடிச்சிருக்கும். சின்னச் சாவி போட்டு லூசு பண்ணுனா கையோட வந்துரும். ரெண்டு நிமிசம். அடியில பாக்கலீங்களா?"ன்னு கேக்கறான். "காலைக்குள்ள சரி பண்ணு"ன்னேன். "ராடு கெடைக்கோணுமேண்ணா, பத்து நாளாச்சும் ஆகும்"னுட்டான்.

வசந்தாகிட்டச் சொல்லலாம்னுதான் இருந்தேன். ராத்திரி சோறு போடறப்போ வாய் வரைக்கும் வந்துச்சு. அவ தனத்துக்கு உப்பில்லாம கஞ்சி வெச்சுக் கொண்டுபோறதப் பத்திப் பேசிட்டு இருந்தா. சொல்லாம படுத்துட்டேன். அது தப்பு. அத நான் ஒத்துக்கறேன். அப்பவே சொல்லியிருந்தா ஒரு வாடகைக் காராச்சும் புடிச்சிருப்பா.

வெள்ளிக்கெழமை விடியக்காலம் கதவத் தொறந்து காருல உக்காந்தவ அப்படியே உக்காந்திருந்தா. நான் ஜன்னல்ல இருந்து பாக்கறேன். கத்துவா, பதிலுக்கு நானும் கத்தலாம், ஏன் கேக்காம மாத்துனேன்னு கேக்கலாம், எல்லாம் தயாரா வெச்சிருந்தனுங்க. அவ எறங்கி வந்து, "எதுக்குங்க?"ன்னா. அவ்வளவுதான். "எதுக்குங்க?"

கஞ்சி ஊத்துன தூக்குப்போசிய எடுத்துக்கிட்டு பஸ்சுக்கு ஓடுனா. இதே பஸ்சுதான். அன்னைக்குப் பாத்து பஸ்சு பிந்திருச்சு. இவங்க போயிச் சேர எட்டேகாலு. மிசினுல வேற ஆளு. நாளைக்கு வாங்கன்னு அனுப்பிட்டாங்க. அன்னைக்குச் சாயங்காலமே தனத்துக்கு மூச்சு முட்டிருச்சு. ஒடம்புல சேந்த தண்ணி நெஞ்சுல ஏறிருச்சாம். ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போயி, ரெண்டு நாளு உள்ள வெச்சிருந்து, பொழைச்சு வந்துட்டா. சாமி புண்ணியம். வசந்தா அங்கிருந்து நேரா தங்கச்சி ஊட்டுக்குப் போனவதான், இன்னும் வரல. இன்னையோட பத்தொம்பது நாளு. போன் பண்ணுனா எடுக்கறதில்ல. இத்தனையும் எனக்கு யாரு சொன்னாங்கறீங்க? இந்தக் கண்டக்டரு. நம்ம பழைய ஆளு. கட்டுன புருசனுக்குக் கண்டக்டரு சொல்லித்தான் சேதி தெரியோணும், பாத்துக்குங்க. அவளா வந்து கேட்டா ராடு வாங்கி மாத்தலாம், அதுவரைக்கும் கெடக்கட்டும்னு நானும் விட்டுட்டேன். எனக்கும் ரோசம் இருக்குதில்ல.

போன வெள்ளிக்கெழமை, சும்மா பாத்துட்டு வரலாம்னு இதே பஸ்சுல ஏறி, கடைசி சீட்டுல தலையில துண்டப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். வெள்ளையம்பாளையத்துல ரெண்டு பேரும் ஏறுனாங்க. பஸ்சுல காலு வெக்க எடமில்ல. தனத்த நான் ஒம்பது வருசம் கழிச்சுப் பாக்கறேன். அடையாளமே தெரியல தம்பி. நல்லா மொழுமொழுன்னு இருப்பா, என்ற கல்யாணத்துல பட்டுப் பாவாடை கட்டிக்கிட்டு "மச்சான் மச்சான்"னு பின்னாலயே சுத்துனவ. இப்ப மூஞ்சி கருத்து, காலு ரெண்டும் வீங்கி, செருப்புக்கூட நொழையல. மேல் கம்பிய எட்டிப் புடிக்க முடியாம சீட்டுக் கம்பியப் புடிச்சுக்கிட்டு நிக்கறா. வசந்தா பின்னால நின்னு இடுப்பத் தாங்கிக்கிட்டு வர்றா. ஒருத்தன் எந்திரிக்கலீங்க. மனுசனுகளா இவனுக, கண்ணு அவிஞ்சு போச்சான்னு எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வருது.

நானும் எந்திரிக்கல. சொல்றதுக்கு வெக்கமா இருக்குது. எந்திரிச்சா வசந்தா பாத்துருவா. பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா என்ன பண்றதுன்னு ஒக்காந்தே இருந்தேன். பதினோரு கிலோமீட்டரு. ஆஸ்பத்திரி ஸ்டாப்புல இந்த டிரைவரு மாதிரியே ஒருத்தன், அவ எறங்கி முடிக்கறதுக்குள்ள வண்டிய எடுத்துட்டான். அவ விழுகப் பாத்தா. வசந்தாதான் தாங்குனா. அந்த மாதிரி எத்தனை பேர நான் இழுத்துட்டுப் போயிருப்பேனோ! டைமு டைமுன்னு ஓட்டுனவன்தானே நானும். மூணு நாளா சோறு எறங்கல தம்பி.

அதான் இன்னைக்குக் கெளம்பற எடத்துலயே வந்து துண்டப் போட்டேன். இல்லீங்க, சமாதானமெல்லாம் ஒன்னுமில்ல. ராடு வாங்கத்தான் போறேன். அவங்க உக்காந்துக்கட்டும், நான் ஒன்னும் பேசப் போறதில்ல. அவளே என்னையக் கூப்பிட்டா சரி, கூப்பிடாட்டியும் சரி. மன்னிப்பெல்லாம் கேக்கத் தெரியாதுங்க எனக்கு. எங்கய்யனும் எங்காத்தாகிட்டக் கேட்டதில்ல.

வந்துருச்சா? வெள்ளையம்பாளையங்களா இது? அடடா, எத்தனை கூட்டம்! தம்பி, அந்த வேப்பமரத்துக்கிட்டப் பாருங்க, பச்சைச் சீலை, தூக்குப்போசி வெச்சிருக்குது பாருங்க, அவதான். பக்கத்துல தனம். எளைச்சுட்டாளே வசந்தாவும். எல்லாரும் முட்டிக்கிட்டு ஏறறானுக, இவங்க பின்னாலயே நிக்கறாங்க. ஏனுங்க, கொஞ்சம் வழி விடுங்க, அவங்கள மொதல்ல ஏத்துங்க! ஒருத்தனுக்கும் காதே கேக்காது. படி வேற எத்தனை ஒசரம், அவ காலத் தூக்கவே முடியலியே.

தம்பி, என்ற பையக் கொஞ்சம் புடிங்க. அந்த சீட்டுல யாரையும் உக்கார உடாதீங்க. நகருங்க, நகருங்கம்மா, எறங்கோணும். கண்டக்டரே, விசிலு அடிக்காதீங்க!

டிரைவரு! எடுக்காதீங்க, பேஷண்டு ஏறுது. அட எடுக்காதய்யான்னா! டைமு ஆனா ஆகட்டும், உங்க டெப்போவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன், கால பிரேக்குல வை!

என்ன வசந்தா அப்படிப் பாக்கறே? திட்டறதா இருந்தா உள்ள வந்து திட்டு. இப்ப அவளப் பின்னால தாங்கு.

தனம். நாந்தான் கண்ணு, மச்சான். அழுகாத. கையக் குடு, இந்தக் கையில ஊசி குத்தறாங்களா, அப்ப அந்தக் கையக் குடு. ம்... ஒரு காலு வை. நின்னுக்க, மூச்சு வாங்கிக்க. யாரு என்ன கத்துனாலும் கத்தட்டும். அவசரமே இல்ல கண்ணு. பஸ்சு நிக்கும்.